ஆறுதலாகச் செய், மகள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. போனில் உனக்கு ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடிகிறதா? பாதியில் ‘சரி அம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சு’ என்கிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. இருந்து வாசி.

நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அந்தத் தாத்தாவுக்குச் சட்டை மாற்ற 20 நிமிடம் எடுத்தாய் என்று உன் சுப்பர்வைசர் முகம் சுளித்தாராம். பக்கத்து அறைப் பிள்ளை 5 நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வந்து நிற்கிறதாம். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அந்தச் சட்டையைப் போட்டது யார்? நீ போட்டுவிட்டிருந்தால் 20 நிமிடம் அதிகம்தான், அந்த மனுஷி கேட்டதில் பிழையில்லை. அவரே நல்ல கையால் வராத கையைப் பிடித்து, அதை முதலில் சட்டைக்குள் விட்டு, பிறகு மற்றக் கையை நுழைத்து, பொத்தானோடு மல்லுக்கட்டி முடிக்கும்வரை நீ பக்கத்தில் நின்றாய் என்றால் அந்த 20 நிமிடமும் வேலை நேரம்தான். 5 நிமிடத்தில் முடித்த பிள்ளை அந்த அறையில் இருந்தவருக்குச் சட்டை மாற்றியது, அவ்வளவுதான். அவருடைய கைக்கு அன்று ஒரு வேலையும் கிடைக்கவில்லை.

‘ஆட்களைக் கழுவித் துடைக்கிற வேலைக்கா ரொறன்ரோ போனது’ என்று உன் மாமி கேட்டதும் என் காதுக்கு வந்தது. கேட்கட்டும். உடம்புக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ வந்து ஒரு ஆளோடு அரை மணித்தியாலம் நிற்பார். டொக்டர் அதைவிடக் குறைவு. மிச்ச நேரமெல்லாம் அந்த ஆள் எப்படிப் படுக்கிறார், எந்தப் பக்கம் சாய்கிறார், கோப்பையைத் தானே பிடிக்கிறாரா என்பதெல்லாம் உன்னைப் போன்ற ஆட்களின் கையில். பிசியோ காலையில் நிமிர்த்திய காலை மத்தியானம் மடங்கவிட்டால் அவர் செய்ததும் போச்சு.

இதை நான் சண்டைக் காலத்தில் ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்தபோது படித்தேன். முழங்காலுக்குக் கீழே கால் போன பொடியன்கள் வருவார்கள், சிலபேருக்கு மீசைகூட அரும்பியிராது. தாய்மார் வீட்டிலிருந்து முதலில் கொண்டுவருவது ஒரு தலையணை. பிள்ளைக்கு நோகக்கூடாது என்று அதை முழங்காலுக்குக் கீழே வைத்து, காலை மடக்கி, உயர்த்திவிடுவார்கள். பொடியனுக்கும் அது சுகம். ஆனால் மூட்டு அப்படியே சில கிழமை மடங்கிக் கிடந்தால் பின்பக்கத்து நரம்பும் தசையும் இறுகிவிடும். புண் ஆறியபிறகு பார்த்தால் முழங்கால் நிமிராது. நிமிராத முழங்காலில் செயற்கைக் கால் பூட்டினால் எப்படி நடப்பது?

டொக்டர் காலையில் ஒருதரம் சொல்லிவிட்டுப் போவார். தாய் தலையை ஆட்டுவா. டொக்டர் அடுத்த வாட்டுக்குப் போனதும் தலையணை திரும்பவும் காலுக்குக் கீழே. அதை எடுக்கிற ஆள் அட்டெண்டனான நான்தான். ஒரு நாளில் எத்தனை தரம் எடுத்தேன் என்று கணக்கில்லை, எத்தனை பேச்சு வாங்கினேன் என்றும் கணக்கில்லை. ‘உனக்குப் பிள்ளை இல்லையா’ என்று ஒரு தாய் கேட்டா. நீ அப்போது என் வயிற்றில். பிசியோ சேர் சொன்ன நேரத்துக்குப் பொடியன்களைக் குப்புறப் படுக்கவைக்கிறதும் எங்கள் வேலை, இடுப்பு மடங்கி இறுகாமல் இருக்க. அப்படிப் படுத்துக்கொண்டு கரம்போர்ட் விளையாடுவார்கள். சத்தம் தாங்காது.

இப்போது அந்தத் தலையணை நம் வீட்டுக்கே வந்துவிட்டது. ஆரையம்பதிப் பெரியப்பாவைத்தான் சொல்கிறேன். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டதிலிருந்து நான் பின்னேரங்களில் பஸ் எடுத்துப் போய் வருகிறேன். பெரியம்மா அவரைத் தங்கத் தட்டில் வைத்துப் பார்க்கிறா. முகம் கழுவிவிடுகிறா, சாரம் உடுத்திவிடுகிறா, சோறு குழைத்து ஊட்டுகிறா. அவர் விரலை அசைக்க முந்தி அவ கை அங்கே நிற்கிறது. உன்னுடைய இடத்தில் அவசரம் செய்கிற வேலையை இங்கே பாசம் செய்கிறது. கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். வலது கை வரவில்லை, இடது கையால் சாப்பிட அவருக்கு வெட்கம். எவ்வளவு பெரிய மனுஷன், நாலு பேர் முன்னால் பீச்சாங்கையால் சோறு அள்ளுவாரா? கரண்டியும் வேண்டாமாம், ‘நான் என்ன துரையா’ என்கிறார், அதாவது அந்த மூன்று சொல்லைச் சொல்லி முடிக்கிறார். உன் ஆட்களுக்கு முள்ளும் கரண்டியும்தான், இந்தச் சிக்கல் வராது. அதனால் நான் செய்வது இது. கதிரையில் நிமிர்ந்து இருத்தி, இரண்டு பாதமும் தரையில் படவைத்து, மேசையை நெஞ்சுக்குக் கிட்ட இழுத்து, வலது முழங்கையை மேசையில் ஊன்றவைப்பேன். அவர் கைக்குக் கீழே என் கையைக் கொடுத்து இரண்டு பேருமாக அள்ளுவோம். பிட்டு சரிவராது, உதிர்ந்து போகிறது. சொதி விட்டுக் குழைத்த சோறு உருண்டையாக வருகிறது. வாய்க்குக் கிட்ட வந்ததும் நான் என் கையைக் கொஞ்சம் தளர்த்துவேன். முதலில் பாதி நெஞ்சில் விழுந்தது. இப்போது கோப்பையிலிருந்து வாய்வரை பாதித் தூரம் அவர் கை தனியாக வருகிறது. பெரியம்மா குசினி வாசலில் நின்று பார்க்கமாட்டாமல் பார்க்கிறா.

இருமல் வந்தால் உடனே நிறுத்திவிடுவோம். வாயின் செத்த பக்கத்தில் சோறு தங்கி நிற்கும், அவருக்கே தெரியாது, அதையும் பார்க்கவேண்டும். சாப்பிட்டபிறகு அரை மணித்தியாலமாவது இருத்தியே வைக்கிறோம். படுக்கப் போட்டால் சாப்பாடு மேலே வந்து நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று பயம். இதெல்லாம் நீ கோர்ஸில் படித்ததுதான், உனக்குப் பாடம் எடுக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் திரும்பச் சொல்வேன்: செத்த கையைப் பிடித்து ஆளை இழுக்காதே, யார் இழுத்தாலும் தடு. தோள்மூட்டைப் பிடித்து வைத்திருக்கிற தசைக்குப் பலமில்லை, ஒரு இழுவையில் மூட்டு இறங்கிவிடும். பெரியப்பாவைப் பார்க்க வந்த ஒரு மருமகன், நல்ல மனதோடுதான், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தான். என் சத்தத்தில் வளவு நாய் குரைத்தது.

நீ சொன்ன ரெஸ்டோரேட்டிவ் கணக்கை, அதாவது ஆட்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்யப் பழக்குகிற பயிற்சிக் கணக்கை, யோசித்தேன். ஒரு பயிற்சி, நடையோ உடுப்பு மாற்றுவதோ சாப்பாடோ, நாளைக்கு 15 நிமிடமாவது செய்தால்தான் பத்திரத்தில் பதியலாம் என்றாய். பதியவேண்டியதுதான், பதியாவிட்டால் செய்யவில்லை என்று அர்த்தம் எடுப்பார்கள். ஆனால் அந்த 15 நிமிடத்தில் நடக்கவைத்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் வீல்செயரில் தள்ளிக்கொண்டு போனால் யாருக்கு லாபம்? சாப்பாட்டு மண்டபத்துக்கு நடந்து போகட்டும். முழுத்தூரம் முடியாவிட்டால் கடைசி நாலு கதவு மட்டும் நடக்கட்டும். எங்கள் பிசியோ சேர் ஒரு ஆராய்ச்சி சொல்வார், 2007 இல் வந்தது. ஒரு வருத்தமும் இல்லாத வயதானவர்களை 10 நாள் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார்களாம். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்து போச்சு. சுகமாக இருந்தவர்களுக்கே அப்படியென்றால், உன் ஆட்களைப் பற்றி என்ன சொல்ல.

பம்பர்ஸ் விஷயமும் அப்படித்தான். கட்டிவிட்டால் எல்லோருக்கும் வசதி. சொன்ன நேரத்துக்கு டொய்லட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள் நாள் முழுக்க ஓடவேண்டும். ஆனால் தானாகப் போய்வருகிற ஆளின் முகத்தைப் பார்த்திருக்கிறாயா? அதைப் பார்த்த பிறகு ஓடலாம்.

இன்னொரு விஷயம். பிசியோ பார்ப்பது பகல் பத்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், முழித்து உற்சாகமாக இருக்கும் ஆளை. நீ பார்ப்பது விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பும் ஆளை. பகலில் வோக்கரோடு நடந்தவர் இரவில் காலை எடுத்துவைக்க மறுப்பார். பிடிவாதம் என்று விட்டுவிடாதே. இருட்டா, செருப்பு வழுக்குகிறதா, எழும்பினதும் தலை சுற்றுகிறதா, குளிசை மாற்றினார்களா? கட்டில் விளிம்பில் கொஞ்சம் இருத்திவைத்து, தலைசுற்றல் போனபிறகு எழுப்பு. அப்புறம் கண்டதைக் கண்டபடி நேர்ஸிடம் சொல்லு, எழுதியும் வை. ‘நல்லா இல்லை’ என்று எழுதினால் ஒருவருக்கும் உதவாது. ‘இரண்டு அடி வைத்தார், இடது கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது’ என்று எழுதினால் நேர்ஸ் ஓடிவருவா, ஓடித்தான் வரவேண்டும். ஆனால் பயிற்சியை நீயாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். திட்டம் போடுவது அவர்கள், அது நடக்கிறதா என்று காண்பது நீ. வாட்டில் சில மிஸ்ஸிமார், நேர்ஸ்மாரைத்தான் சொல்கிறேன், எங்களை ஆளாகவே மதிக்கமாட்டார்கள், அது வேறு கதை. மதித்த மிஸ்ஸிமார் முதலில் கேட்பது, ‘ராவைக்கு எப்படி இருந்தார்?’

அங்கே ஆள் பற்றாக்குறை என்கிறாய், நம்புகிறேன். உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இல்லத்தில் இருக்கிற ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 4 மணித்தியாலம் நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள், 2021 சட்டம் என்று நீயே சொன்னாய். எழுதிவைத்தது உன் மாடிக்கு வந்து சேர்ந்ததா என்பது உனக்குத்தான் வெளிச்சம். 10 பேரை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் 20 நிமிடம் கொடுக்க முடியாது, எனக்கும் முடிந்ததில்லை. நான் செய்தது, ஒரு ஆளுக்கு ஒரு வேலையை மட்டும் விட்டுக்கொடுப்பது. ஒருவர் தானே முகம் கழுவட்டும், இன்னொருவர் தானே தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கட்டும், மிச்சத்தை நான் கெதியாகச் செய்துவிடுவேன். எந்த வேலையை யாருக்கு விடுவது என்று தெரிய அவரைக் கொஞ்ச நாள் பார்க்கவேண்டும். சுப்பர்வைசரிடம் வாதாடப் போகாதே. பராமரிப்புத் திட்டத்தில் அந்தத் தாத்தாவுக்குத் தானே உடுப்புப் போடும் பயிற்சி எழுதியிருந்தால் அந்தத் தாளைக் காட்டி, ‘இதற்கு எந்த நேரம் ஒதுக்கலாம் மேடம்?’ என்று மரியாதையாகக் கேள்.

உன் இடுப்பையும் பார். ஆளைத் தூக்குகிற மெஷினுக்கு இரண்டு பேர் வேண்டுமென்றால் இரண்டு பேர் வரும்வரை நில், யார் கத்தினாலும். பாரம் தூக்கி முள்ளந்தண்டு போன அட்டெண்டன்மார் எங்கள் செட்டிலேயே இருக்கிறார்கள்.

அப்பா சுகம். மழை இன்னும் பிடிக்கவில்லை, வாவித் தண்ணி வற்றிப்போய்க் கிடக்கிறது. தம்பி மோட்டார் சைக்கிள் கேட்டு நச்சரிக்கிறான், நீ அனுப்பிவிடாதே.

வருகிற கிழமை போன் எடுக்கும்போது பெரியப்பா வீட்டுக்கு எடு, பின்னேரம் ஐந்து மணிபோல, நானும் அங்கே இருப்பேன். உன்னோடு கதைக்கவேண்டுமென்று கை காட்டுகிறார். சொல்லவேண்டியது தலைக்குள் நிற்கிறது, வாய்க்கு வரச் சுணங்குகிறது, சிலநேரம் வேறு சொல் வந்து விழுகிறது. நீ முந்திக்கொண்டு அவருடைய சொல்லை முடித்துக் கொடுக்காதே. ஷிப்டு இல்லாத நாளாகப் பார்த்து எடு.

அன்புடன்,
அம்மா