கண்டிக்குப் போன கருப்பன் வீட்டுக்குத் தெற்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்திரப்பதிவு பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. வழிகாட்டி மதிப்பு கூடியது, போலிப் பத்திரம் பிடிபட்டது, சர்வர் படுத்துவிட்டது, இப்படி. 1979-ல் மேலூரில் ஒரு பெரியவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, அப்புறம் சொந்தமாக உரிமம் வாங்கி, எல்லாம் ஆன்லைனுக்குப் போன 2018 வரை பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். அந்தச் செய்திகளில் வராத ஒரு விஷயத்தை, பழைய பத்திரங்களுக்குள் ஒளிந்து கிடக்கிற சாதாரண ஆட்களின் பெயர்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

போன தை மாதம் நீலகிரியிலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். அறுபது வயதிருக்கும். 1964-ல் போட்ட ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன 5,25,000 பேரில் அவர் குடும்பமும் அடக்கம். சின்னப் பிள்ளையாகக் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் மலையேறி டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போன குடும்பம். கையில் அப்பாவுடைய பழைய பாஸ்போர்ட்டும், தாத்தா சொன்னதாக அப்பா சொன்ன ஓர் ஊர்ப் பெயரும் இருந்தன. மேலூருக்கு வடக்கே, கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர். "எங்க பூட்டன் வீடு எந்த இடத்துல இருந்துச்சுன்னு பார்க்கணும்யா" என்றார். நிலம் வேண்டாம், பட்டா வேண்டாம். பார்த்தால் போதும்.

பூட்டன் பெயரைக் கருப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு. ஆனால் அதுவும் இதே அளவுக்குச் சாதாரணப் பெயர்தான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஒரு கருப்பன் மேல் விழும், தப்பினால் பெரியகருப்பன் மேல் விழும்.

பதிவு அலுவலகத்தில் ஆளைத் தேட இன்டெக்ஸ்தான் வழி. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள் ஒரு இன்டெக்ஸில் ஏறும். இன்னொன்று சொத்தை வைத்துத் தேடுவது. கூலிக்காரக் கருப்பன் எதை விற்றிருப்பார், எதை வாங்கியிருப்பார்? அவர் அதில் இருக்க மாட்டார் என்று தெரிந்தேதான் ஒரு சம்பிரதாயத்துக்குப் பார்த்தோம். இல்லை.

ஆனால் பத்திரத்தில் இன்னொரு இடம் உண்டு, சொத்தின் நான்கு பக்க எல்லையைச் சொல்கிற இடம். எங்கள் தொழிலில் அதை நான்குமால் என்போம். சில ஊர்களில் செக்குபந்தி என்பார்கள். கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், வீட்டுமனைக்கென்று தனி சர்வே நம்பர் இல்லாத காலத்தில், இன்ன வீடு என்று காட்டுவதற்கு அதைவிட்டால் வேறு கதியில்லை. "இதற்கு நான்குமாலாவது: கருப்பன் வீட்டுக்குத் தெற்கு, தெருவுக்கு மேற்கு, ஊருணிக் கரைக்கு வடக்கு, இன்னார் தொழுவத்துக்குக் கிழக்கு. இதற்குள்பட்ட கூரை வீடும் மனையும்" என்று போகும். புதிதாகப் படிப்பவர்கள் திசையைப் புரட்டிப் படித்துவிடுவார்கள். கருப்பன் வீட்டுக்குத் தெற்கு என்றால் விற்கிற வீடு தெற்கே இருக்கிறது, கருப்பன் வடக்கே இருக்கிறார். அவர் எதையும் விற்கவில்லை, வாங்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் விற்றதால் சர்க்கார் புத்தகத்தில் ஏறிவிட்டார்.

அந்தப் பெயர் இன்டெக்ஸில் ஏறாது, பக்கத்து வீட்டுப் பத்திரத்தைத்தான் பார்க்க வேண்டும். அதனால் ஊருக்கே போனோம். ஊருணிக்கரையில் நின்று விசாரித்ததில் முதல் பதில், "பங்கு கேக்க வந்திருக்காகளா?" என்பதுதான். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் அந்த ஊர் ஆட்கள் பலருக்குப் பத்திரம் எழுதியவன் என்பதால் ஒரு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். டீ வந்தது. இரண்டாவது டீயும் வந்த பிறகு வீட்டுக்காரர் கட்டிலுக்கடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தார். அவர் வீட்டு மூலப்பத்திரக் கட்டு, அதாவது வீடு கைமாறி வந்த பழைய பத்திரங்கள். மேலே 1968-ல் அவர் அப்பா வாங்கிய கிரயம், அடியில் 1951-ல் ஒரு பாகப்பிரிவினை, அதற்கும் அடியில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாளில் 1926-ம் வருஷத்துச் சுத்தக்கிரய சாசனம், அதாவது விற்பனைப் பத்திரம். மடிப்பில் எல்லாம் ஓட்டை. மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று சுழித்துச் சுழித்து எழுதியிருந்தது.

மூன்றையும் திண்ணையில் வரிசையாக வைத்து வடக்கு எல்லையை மட்டும் படித்தேன். 1926: "கருப்பன் வீட்டுக்குத் தெற்கு." 1951: "கருப்பன் பாழ்மனைக்குத் தெற்கு." 1968: "பொதுநடைபாதைக்குத் தெற்கு."

வீடு, பாழ்மனை, பாதை. அந்த அம்மா எழுந்து போய் வீட்டுக்கு வடக்கே ஓடுகிற சிமென்ட் பாதையில் நின்றுகொண்டார். எட்டடி இருக்கும். ஓரத்தில் யாரோ பைக் நிறுத்தியிருந்தார்கள்.

பூட்டன் பெயருள்ள வேறொருவராக இருந்தால்? எனக்கு அந்தச் சந்தேகம் போகவில்லை. நாங்கள் பத்திர எழுத்தர்கள் செய்கிற ஒரு திருட்டுத்தனத்தையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இடத்தைப் போய்ப் பார்க்க மாட்டோம். மூலப்பத்திரத்தில் இருக்கிற நான்குமாலை அப்படியே பெயர்த்து எழுதிவிடுவோம். செத்து நாற்பது வருஷமான ஆட்களெல்லாம் எங்கள் பத்திரங்களில் வரப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எல்லையில் ஒரு பெயர் இருந்தால் அந்த வருஷம் அவர் உயிரோடு அங்கே இருந்தார் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பெயர் மாறியிருந்தால் நம்பலாம். யாரோ ஒருவர் நேரில் பார்த்துவிட்டுத்தான் மாற்றியிருப்பார்.

1951 பத்திரத்தில் முன்பத்திரம் என்று 1934-ம் வருஷத்து அடமானம் ஒன்றின் நம்பர் இருந்தது. பெட்டியில் அது இல்லை. சரி, நகல் போடலாம் என்று மனு எழுதினோம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. பதிவான பத்திரங்களை நகல் எழுதி வைத்த பழைய வால்யூம்கள் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன. அங்கே அந்த அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு அங்கே என்ன சொத்து?" இல்லை என்றார். "அப்ப எதுக்கு?" அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னேன்: 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம், 57-வது பிரிவு. நிலம், வீட்டுப் பத்திரங்கள் ஏறுகிற 1-ம் புத்தகத்தையும் அதன் இன்டெக்ஸையும் கட்டணம் கட்டுகிற யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் கேட்கலாம். உயில் புத்தகம் அப்படி இல்லை. சொத்து இருக்கிறதா, சொந்தமா என்று சட்டம் கேட்கவில்லை. அதற்கப்புறமும் மூன்று நடை நடக்கவிட்டார்கள். நீலகிரிக்கும் இங்கேயுமாக மூன்று நடை என்றால் என்ன செலவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் வால்யூம் வந்தது. மழைத்தண்ணீர் இறங்கி, கடைசிப் பக்கங்கள் எல்லாம் ஈரத்தில் விழுந்த அப்பளக் கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகிக் கிடந்தன. கத்தி வைத்தாலும் பிரியாது. எங்கள் பக்கம் அந்தக் கட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு தாள் முன்னால் இருந்தது. எல்லை வாசகத்துக்கு வந்தபோது விரலை வைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தேன்.

"கண்டிக்குப் போன கருப்பன் வீட்டுக்குத் தெற்கு."

கண்டி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கண்டி டவுன் மட்டுமில்லை. இலங்கையின் தேயிலை மலை மொத்தமும் கண்டிதான். ஆக 1934-க்கு முன்னால், அநேகமாக 1926-க்குப் பிறகு, அவர் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் அடமானம் வைத்த அன்று கருப்பன் வீடு நின்றிருக்கிறது, ஆள் இல்லை. இதற்கு மேல் யாரிடம் கேட்பது? அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அங்க எங்களை இந்தியாக்காரங்கன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரங்கன்னாங்க. இந்த ஒரு தாள்லதான் கண்டிக்குப் போனவன்னு இருக்கு." நகலை நான்கு செராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார், பிள்ளைக்கு ஒன்று என்று.

அந்தக் கட்டியான பக்கங்களுக்குள் யார் யார் வீட்டுக்கு யார் தெற்கோ!

நான்குமால் மட்டுமில்லை. பழைய பத்திரத்தில் கடன் எதற்கு வாங்கினார்கள் என்று ஒரு வரி இருக்கும். பெண் கல்யாணச் செலவுக்கு, உழவு மாடு பிடிக்க, தகப்பனார் கருமாதிச் செலவுக்கு, கொழும்புப் பிரயாணத்துக்கு. இப்போது நாங்கள் "குடும்ப அவசரச் செலவுக்காக" என்று ஒரே அச்சாக அடித்துவிடுகிறோம். நாளைக்கு நம்மைத் தேடுகிறவர்களுக்கு அவசரம் என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்காது. கடைசியில் சாட்சிகள்; அதற்கு மேலே, எழுதத் தெரியாதவர்களுக்கு "இன்னாள் கீறல்" என்று போட்டு ஒரு கூட்டல் குறி. பெருவிரல் ரேகை தனிப் புத்தகத்தில் இருக்கும். ரேகை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மை தடவக் கையைக் கொடுக்கவே மாட்டேன் என்று விட்டார். "எங்கப்பன் வச்ச ரேகை போதும்." அவர் சொன்னது, வெள்ளைக்காரன் காலத்தில் சில சாதிகளையே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்து ரேகை. அந்த ரேகைக்கு மறுத்துத்தான் 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் சனங்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பெரியவர் வியர்த்து விறுவிறுத்துத் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதி முடிக்கிற வரைக்கும் சார்பதிவாளரும் காத்திருந்தார். ஆக, சர்க்கார் புத்தகத்தில் பெயர் இருப்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை.

கிராமக் கணக்கு எழுதிய கர்ணம் வீட்டுக் கட்டுகள் கதை தனி. 1980 நவம்பரில் பழைய கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தபோது கணக்குகளை ஒப்படைத்தவர்கள் உண்டு, பரணில் போட்டவர்கள் உண்டு. ஜனன மரணக் கணக்கு ஒன்று வெந்நீர் அடுப்புக்குப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரிதில்லை. இன்றைக்கு ஆன்லைனில் ஒரு சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று வில்லங்கம் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தியதுதான் வருகிறது. அதற்கு முந்திய வால்யூம்களை ஸ்கேன் செய்கிற வேலை நடக்கும்போது, எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களோடு நான்குமாலில் வருகிற பெயர்களையும் சாட்சிகள் பெயர்களையும் சேர்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். ஸ்கேன் ஆகிவிட்டது என்று வால்யூமை எடைக்குப் போடாமல் மதுரையிலேயே ஈரமில்லாத ஓர் இடத்தில் வைக்கட்டும். எழும்பூரில் 1909-லிருந்தே ஆவணக் காப்பகம் இருக்கிறது, மறுக்கவில்லை. கொட்டாம்பட்டிக் கருப்பனைத் தேட எழும்பூர் வரைக்கும் போகச் சொல்வதுதான் சங்கடம்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. பழைய பத்திரத்தைத் தோண்டிப் போலி வாரிசு ஜோடிக்கிற ஆட்கள் எங்கள் திண்ணைக்கே வந்து பேரம் பேசியிருக்கிறார்கள். அந்தக் காலப் பத்திரங்களில் பெயரோடு சாதியும் எழுதியிருக்கும். அதை வைத்து ஊரில் வம்பு இழுக்கவும் ஆள் உண்டு. அதனால் இன்டெக்ஸ் கம்ப்யூட்டரில் இருந்தாலும், எழுபத்தைந்து வருஷத்துக்கு முந்திய வால்யூம்களை மட்டும், அடையாள அட்டையைக் காட்டி, ஆள் முன்னிலையில் உட்கார்ந்து பார்க்க விட்டால் போதும். "எதுக்கு" என்று கேட்காமல் விட வேண்டும்.

இன்னொரு அவசரமும் உண்டு. அந்தச் சுழிப்பையும் குறிகளையும் தடங்கலில்லாமல் படிக்கிறவர்கள் எங்கள் செட்டில் மேலூர் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து மூன்று பேர். ஒருவருக்குக் கண் போய்விட்டது. மதுரைக் கல்லூரிகளில் சரித்திரம் படிக்கிற பிள்ளைகளை யாராவது அனுப்பினால் கற்றுக்கொடுக்கத் தயார். சம்பளம் வேண்டாம். செவ்வாயும் வியாழனும் எனக்கு வேலை இல்லை. உண்மையைச் சொன்னால் மற்ற நாளும் இல்லை. ஒரு மேசை, ஓடுகிற ஃபேன், நான்கு மணிக்கு ஒரு டீ. பூதக்கண்ணாடி என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
வேலையை விட்ட பத்திர எழுத்தர் ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்