அம்முவுக்கு, அந்தக் கல்லூரி வேலை பற்றி

அன்புள்ள அம்மு,

நேற்று போனில் நீ கேட்டதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது இருக்கும் டிவிஷன் 1 (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) பல்கலைக்கழகத்திலேயே நீச்சல் உதவிப் பயிற்சியாளராகத் தொடர்வதா, அந்த டிவிஷன் 3 (அதன் மூன்றாம் மட்டம்) கல்லூரி கொடுக்கும் தலைமைப் பயிற்சியாளர் வேலைக்குப் போவதா என்று கேட்டாய். போய்விடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணத்தை நிதானமாக எழுதுகிறேன். படித்துவிட்டு நீ மறுத்தும் பேசலாம்.

"சின்ன இடத்துக்கு இறங்குகிற மாதிரி இருக்கும்மா" என்றாய். நாட்டுக்காக நீந்தியவளுக்கு அப்படித் தோன்றுவது புரிகிறது. டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, ஒலிம்பிக்குக்குப் போகிற பிள்ளைகள் அங்கே பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் ஒஹையோவில் கேம்பியர் என்ற சிற்றூரில் இருக்கும் கென்யன் கல்லூரியை நினைத்துப் பார், அதுவும் டிவிஷன் 3-தான். அதன் ஆண்கள் நீச்சல் அணி 1980 முதல் 2010 வரை ஒரு வருஷம்கூட விடாமல் 31 தேசியப் பட்டங்களை வென்றது. பயிற்சியாளர் ஜிம் ஸ்டீன். 2011-இல் பக்கத்து டெனிசன் பல்கலைக்கழகம் அந்தத் தொடரை ஒரே ஒரு புள்ளியில் முறித்தது. தனிநபர் பந்தயத்தில் பதினாறாவதாக வருகிற பிள்ளைக்குக் கிடைப்பதே அந்த ஒரு புள்ளிதான். அப்படியென்றால் அந்தக் குளத்தில் பதினாறாவதாக வருகிறவனுக்கும் ஒருவர் உட்கார்ந்து, அவனுக்கென்று யோசித்துப் பயிற்சி எழுதியிருக்க வேண்டும். இதைச் சின்ன இடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீ அந்தோணி நெஸ்டியை எடுத்துச் சொன்னாய். 1988 சியோலில் சுரிநாம் என்ற சிறிய நாட்டுக்காக நீந்தி, 100 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சலில் அமெரிக்காவின் மேட் பியோண்டியை 53.00-க்கு 53.01 என்று நூறில் ஒரு வினாடியில் முந்தித் தங்கம் வாங்கியவர். அப்புறம் தான் படித்த ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்திலேயே ஏறக்குறைய இருபது வருஷம் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 2018-இல்தான் ஆண்கள் அணியின் தலைமை அவரிடம் வந்தது. 2024 பாரிஸில் அமெரிக்க ஆண்கள் அணிக்கே தலைமைப் பயிற்சியாளர். ஒலிம்பிக் தங்கம் வென்றவரே அவ்வளவு காலம் இரண்டாம் இடத்தில் நின்றிருக்கிறார், நான் நின்றால் என்ன என்று கேட்கிறாய். நிற்பதில் குறை ஒன்றும் இல்லை. நின்ற இடத்தில் என்ன செய்கிறாய் என்பதுதான் என் கவலை. நீ சொல்லும் உன் நாளில் பாதி, ரெக்ரூட்டிங், அதாவது புதுப் பிள்ளைகளை அணிக்குச் சேர்க்கும் செய்திகளுக்குப் பதில் போடுவதிலும் பஸ், ஹோட்டல் பதிவு செய்வதிலும் போய்விடுகிறது. குளத்தோரம் நிற்கும்போதும் ஸ்டாப்வாட்ச் பிடித்து ஸ்ப்ளிட், அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் ஆன நேரத்தைப் படித்துச் சொல்கிறாய். யார் எவ்வளவு நீந்த வேண்டும், யாருக்கு எப்போது ஓய்வு என்பதையெல்லாம் வேறொருவர் முடிவு செய்கிறார். இந்த வருஷங்களில் நீ கற்றது வீணில்லை. ஆனால் இனி கற்க வேண்டியது, ஒரு முழு சீசனை நீயே எழுதிப் பார்த்தால்தான் வரும்.

உன்னைப் போல் மேலே வரைக்கும் நீந்தியவர்கள் பயிற்சியாளர் ஆகும்போது ஒரு சிக்கல் வருகிறது. தண்ணீரில் எது சரி என்பதை உன் உடம்பு அறியும். அதனாலேயே எல்லா உடம்பும் அப்படித்தான் என்று நினைக்கத் தோன்றும். இண்டியானா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் டாக் கவுன்சில்மன் தண்ணீருக்கடியில் கேமரா வைத்துப் பார்த்த கதையை நீதான் எனக்குச் சொன்னாய். கையை நேராகப் பின்னால் இழுக்கிறோம் என்று பெரிய வீரர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். படத்தில் கை வளைந்து வளைந்து போனது. அவரும் ஒருகாலத்தில் நீந்தியவர்தான். ஆனாலும் தன் நினைவை நம்பாமல், எதிரே இருப்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்த்தார். அவருடைய அணி 1968 முதல் 1973 வரை தொடர்ந்து ஆறு பட்டம் வென்றதற்கு அவரிடம் நீந்திய ஒலிம்பிக் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

டேப்பரையே, போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைப்பதையே எடுத்துக்கொள். நீ இருநூறு மீட்டர் பட்டர்ஃப்ளைக்காரி. பெரிய போட்டிக்கு முன் பயிற்சியை ரொம்ப நாள் குறைத்தால் உனக்குத் தண்ணீரின் பிடி போய்விடும், எரிச்சலும் வந்துவிடும். வீட்டில் அதைப் பட்டவள் நான். ஆனால் தசை அதிகம் இருக்கும் ஸ்பிரிண்ட் (குறுந்தூர) பெண்ணுக்கு நீண்ட ஓய்வுதான் பெரும்பாலும் கைகொடுக்கும். உனக்கு ஒத்துவந்ததை அவளுக்குக் கொடுத்தால், செப்டம்பரிலிருந்து அவள் உழைத்தது பிப்ரவரியில் குளத்திலேயே கரைந்துவிடும். கல்லூரிக் குளமும் நீ சிறுவயதில் நீந்திய ஐம்பது மீட்டர் குளம் இல்லையே. 25 யார்டு, அதாவது 22.86 மீட்டர். நூறு யார்டுக்குள் மூன்று டர்ன் (சுவரில் திரும்புவது) வந்துவிடுகிறது, ஒவ்வொரு சுவரிலிருந்தும் 15 மீட்டர் வரை தண்ணீருக்கடியில் போகலாம். சுவரில் திரும்பிப் பாய்வதில் கெட்டியாக இருக்கும் பிள்ளை, நீச்சலில் உன் பக்கத்தில்கூட வர முடியாவிட்டாலும், யார்டு குளத்தில் ஜெயித்துவிடும். அந்தத் திறமையைக் குறைத்து மதிக்காதே.

இதற்கு அடுத்து எழுதப்போவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

உனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு பயிற்சியாளர், எல்லோர் முன்னாலும் உன்னை எடை பார்க்க நிற்க வைத்தார். அன்று ராத்திரி நீ அழுதது எனக்குத் தெரியும். அதைவிட, அப்புறம் பல மாதம் உனக்கு மாதவிலக்கு நின்றுபோனதும், நீ அதை நல்லதாகப் போயிற்று என்று சொன்னதும்தான் என்னை உறுத்தியது. செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு என்ன ஆகும் என்பதற்கு 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு ரெட்-எஸ் என்று பெயரே வைத்தது. எலும்பு தேயும், அடிக்கடி நோய் வரும், வேகமும் போகும். நீ எல்லாம் படித்தவள். ஆனால் படித்தவர்களும் குளத்தோரத்தில் நின்றால் பழைய பேச்சையே பேசுகிறார்கள். அமெரிக்காவில் பெண்கள் அணிக்கும் தலைமைப் பயிற்சியாளர் பெரும்பாலும் ஆண்தான். மாதவிலக்கு நின்றுவிட்டது என்று அவரிடம் போய்ச் சொல்ல எத்தனை பெண்ணுக்கு வாய் வரும்? உன்னிடம் சொல்வார்கள். தலைமை இடத்தில் நீ இருந்தால், எடை பார்க்கும் எந்திரத்தை யார் கேட்டாலும் கொண்டுவர வேண்டாம் என்று உன்னால் உத்தரவே போட முடியும். உதவிப் பயிற்சியாளராக இருக்கும்வரை முகம் சுளிக்கத்தான் முடியும்.

உன் பல்கலைக்கழகத்தில் போன வருஷம் சில பெண்களை அணியிலிருந்து நீக்கியதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் என்று குரலிலேயே தெரிந்தது. முன்பு பெண்கள் அணிக்கு 14 முழு உதவித்தொகை, அதைப் பிரித்துக் கொடுக்கலாம், அணியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். 2025-இல் அந்த ஹவுஸ் வழக்கின் (கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய வழக்கு) சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு உதவித்தொகை வரம்பு போய், அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் டைவிங்கும் சேர்த்து முப்பது பேர் என்ற வரம்பு வந்தது. வெளியே போனவர்கள் உதவித்தொகை வாங்காமல், நீச்சல் பிடித்துப்போய் வந்தவர்கள். அந்தச் செய்தியைச் சொல்ல உன்னை அனுப்பினார்கள். நீ ஒவ்வொருத்தியையும் தனியாக உட்கார வைத்துச் சொன்னாய், அதில் நீ நல்லபடியாக நடந்துகொண்டாய் என்றே நினைக்கிறேன். டிவிஷன் 3-க்கு அந்தச் சமரசம் கிடையாது. அங்கே வருகிறவர்கள் எல்லோருமே அப்படிப் பிடித்துப்போய் வருகிறவர்கள். காலை ஐந்தரைக்குக் குளத்தில் குதிக்க அவர்களை எந்தக் காசும் கட்டாயப்படுத்தவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளோடு உனக்கு நன்றாக ஒத்துப்போகும்.

சம்பளம் குறையும், சரி. அதை நீ சமாளிப்பாய், நானும் இருக்கிறேன்.

பதில் எழுதுவதற்கு முன் அந்தக் கல்லூரிக்காரர்களிடம் சிலதைக் கேட்டு வாங்கு. முழு நேர உதவிப் பயிற்சியாளர் உண்டா, இல்லை எல்லாம் உன் தலையிலா? டைவிங்குக்குத் தனிப் பயிற்சியாளர் இருக்கிறாரா? குளம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அணிக்கு மட்டும் கிடைக்கும்? காயத்தைப் பார்க்கிற அத்லெட்டிக் ட்ரெய்னரும் சாப்பாட்டு ஆலோசகரும் நீச்சல் அணிக்கும் வருவார்களா, ஃபுட்பாலோடு நின்றுவிடுவார்களா? சேர்க்கை அலுவலகத்தில் உன் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் இன்னொரு முறை கேள். விளையாட்டு உதவித்தொகை இல்லாத இடத்தில் அணி சேர்வதே அந்த அலுவலகத்தின் வழியாகத்தான்.

சனிக்கிழமை உன் காலைப் பயிற்சி முடிந்ததும் கூப்பிடு. அவர்கள் சொன்ன பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசு.

அன்புடன்,
அம்மா