கூதிர்கால வீடும் ஓலை நட்சத்திரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பாதி கடந்து வாடைக்காற்று எழுந்துவிட்டால் எங்கள் இராமேசுவரம் தீவில் வடகடல் கொந்தளிக்கத் தொடங்கும். ஆண்டின் பெரும்பகுதியில் அடக்கமாக இருப்பதால் பெண்கடல் என்று நாங்கள் அழைக்கும் அந்தக் கடல், கார்த்திகை முடியும் வரை தன் இயல்பை மாற்றிக்கொள்ளும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். கடலுக்குச் செல்வதற்கான டோக்கன் நிறுத்தப்படும். விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் நங்கூரமிட்டு வரிசையாக நிற்கும். பழந்தமிழர் ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் என்று பெயரிட்டழைத்த இந்தப் பருவத்தில்தான் எங்கள் கடற்கரை வீடுகளில் எல்லோரும் ஒன்றாக வீட்டில் இருக்கும் நாட்கள் வாய்க்கின்றன. அந்த நாட்களில் பண்டிகைக்கான அலங்காரங்களை நம் கைகளாலேயே செய்துகொள்ளும் வழக்கம் இங்கே இருந்தது என்பதையும், அதை மீண்டும் கைக்கொள்ள வேண்டும் என்பதையும் தங்கள் நாளிதழின் வழியாக வாசகர்களிடம் கூற விரும்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். தங்கச்சிமடத்தில் நான் பிறந்த வீட்டில், மழைக்காலத்துத் திண்ணையின் ஒரு மூலையில் என் தந்தையார் கிழிந்த வலையைப் பொத்திச் சரிசெய்துகொண்டிருப்பார். மறு மூலையில் என் அம்மாச்சி பனை ஓலை வார்ந்துகொண்டிருப்பார். வலையைக் கோக்கும் ஊசிக்கும் ஓலையை வாரும் கத்திக்கும் நடுவில் நாங்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருப்போம். கூரையிலிருந்து சொட்டும் நீரின் ஓசையும், அடுப்பில் வேகும் கிழங்கின் மணமும், ஈர ஓலையின் பச்சை வாசனையும் கலந்த அந்த மாலைப் பொழுதுகளைப் போல் நிறைவான பொழுதுகளை நான் பின்னாளில் அதிகம் கண்டதில்லை. கடலுக்குப் போக முடியாததால் வருவாய் இல்லாத நாட்கள்தாம் அவை. அந்தக் கவலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் காசு செலவழிக்காமல் பண்டிகையை வரவேற்கும் வழியை அந்த வறுமையே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

எங்கள் பகுதியில் இந்தப் பருவத்துக்கு இரண்டு பண்டிகைகள் உண்டு. திருக்கார்த்திகையும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான திருவருகைக் காலமும் சில ஆண்டுகளில் அடுத்தடுத்த நாட்களிலேயே வந்துவிடும். இரண்டுக்குமே பனைதான் மூலப்பொருள். திருக்கார்த்திகைக்கு எங்கள் அண்டை வீட்டுப் பிள்ளைகள் மாவலி செய்வதை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். ஆண்பனையின் காய்ந்த பூங்கதிர்களைக் குழியில் இட்டு மூட்டம் போட்டுக் கரியாக்கி, அதைப் பொடித்துத் துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். முனையில் நெருப்பு வைத்துக் கயிற்றைப் பிடித்துச் சுழற்றினால், தீப்பொறிகள் பூவாய்ச் சொரியும். எந்தப் பட்டாசுக்கும் அந்த அழகு வராது என்பது என் கருத்து. அன்று அவர்கள் வீட்டில் குருத்தோலைக்குள் மாவும் கருப்பட்டியும் வைத்து அவித்த கொழுக்கட்டை எங்கள் வீட்டுக்கு வரும். டிசம்பரில் எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டு வாசலுக்கு ஓலை நட்சத்திரம் ஒன்று போகும்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் காத்திருப்பதற்கான காலம். வளையம் ஒன்றில் மூன்று ஊதா நிற மெழுகுதிரிகளையும் ஒரு ரோஜா நிற மெழுகுதிரியையும் வைத்து, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவது கத்தோலிக்க வீடுகளில் இன்று பரவலாகியிருக்கிறது. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் தழை வளையத்துக்குப் பதிலாக, பனை ஈர்க்குகளைத் தண்ணீரில் ஊறவைத்து வளைத்துக் கட்டி, அதில் வேப்பங்கொத்தும் புங்கன் தழையும் செருகி நான் செய்வதுண்டு. தழை வாடினால் மறுவாரம் புதிது செருகலாம். திரி எரியும்போது அருகில் ஆள் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலும் அப்படித்தான். 1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் கொண்டு அமைத்த எளிய காட்சியிலிருந்து பரவிய வழக்கம் அது. அந்த எளிமைதான் குடிலின் உயிர் என்று நான் நம்புகிறேன். வாடைக்காலத்தில் வடகரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடக்கும் கடல்தாழை என்னும் கடற்புல்லைக் கைப்பிடி அளவு எடுத்து வந்து உதறினால், வைக்கோலுக்கு வைக்கோலும் ஆயிற்று, எங்கள் ஊர் அடையாளமும் ஆயிற்று.

நட்சத்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். முன்பெல்லாம் மூங்கில் சிம்புகளை ஐந்து முனையாகக் கட்டி, பட்டக் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பதும் உண்டு. ஆனால் அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் செய்யும் வேலைக்கு அதை நான் அனுமதிப்பதில்லை. அதைவிட எனக்கு நெருக்கமானது ஓலை நட்சத்திரம். விரியாத குருத்தோலை இதற்கு மிகவும் ஏற்றது. ஒரே மரத்தில் குருத்தை அடிக்கடி வெட்டினால் மரம் நலியும் என்பதால், பனையேறுபவர் பருவத்தில் வெட்டித் தரும் சில ஓலைகளை வாங்கி நிழலில் உலர்த்தி, அடுப்பங்கரைப் பரணில் புகை படும் இடத்தில் வைத்துக்கொள்வோம். மழைக்காலத்து ஈரத்தில் ஓலை பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அந்தப் புகைதான் காவல். வேலைக்கு எடுக்கும்போது ஈர்க்கை நீக்கி, அரை அங்குல அகலமும் ஒன்றரை அடி நீளமும் உள்ள வார்களாகக் கிழித்து, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, பிறகு ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஊறாத ஓலை மடிப்பில் முறிந்துவிடும். அளவுக்கு மீறி ஊறிய ஓலையோ காய்ந்தபின் சுருங்கிப் பின்னலைத் தளர்த்திவிடும். இந்தப் பதம் புத்தகத்தால் வருவதன்று, விரலால் வருவது.

நான்கு வார்களை ஒவ்வொன்றாக இரண்டாக மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் அடுத்ததன் முனைகளை நுழைத்து, நான்காவதன் முனைகளை முதலாவதன் மடிப்புக்குள் செலுத்தி இழுத்தால் நடுவில் ஒரு சதுர முடிச்சு அமையும். கொட்டான் என்னும் ஓலைக் கூடைக்கு அடி போடத் தெரிந்த பெண்களுக்கு அந்த முடிச்சு நொடியில் வரும். பிறகு ஒவ்வொரு முனையையும் முக்கோணமாக மடித்து முடிச்சுக்குள் செருகி, மிஞ்சியதை நறுக்கிவிட்டால் எட்டு முனை நட்சத்திரம் தயார். முதல் நட்சத்திரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். பத்தாவதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை பின்னத் தெரியாத பிள்ளையை எங்கள் ஊரில் காண்பது அரிது. அந்தச் சிலுவைகளை ஆண்டு முழுவதும் வீட்டில் வைத்திருந்து, மறு ஆண்டு திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாக்கக் கோவிலில் திரும்பக் கொடுக்கிறோம். இப்படி ஓலையோடு பழகிய விரல்கள் டிசம்பரில் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்பதே நான் பெற்றோரிடம் கேட்கும் கேள்வி.

இன்று கடைகளில் தொங்குவனவற்றைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மாகோலும் அடங்கும். இதனை அறிந்தவர் மிகச் சிலரே. சென்ற ஆண்டு எங்கள் பகுதிக் கடை ஒன்றில் தெர்மாகோலில் செய்த குடில்கள் அடுக்கியிருந்ததைக் கண்டு தடையைப் பற்றிச் சொன்னபோது, எல்லோரும் அதைத்தானே கேட்கிறார்கள் என்று விடை வந்தது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லி நான் ஒதுங்க முடியாது, கேட்டவர்கள் நாம்தாமே. ஜனவரியில் தூக்கியெறியப்படும் அந்தக் குடில் காற்றில் உடைந்து, வெண்மணிகளாகச் சிதறி, மிதந்து கடலைச் சேரும். எங்கள் தென்கடலோ 1986ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா. பவளமும் கடற்புல்லும் ஆமையும் வாழும் அந்த நீரில் நம் பண்டிகையின் எச்சம் மிதக்கலாமா?

கையால் செய்கிறோம் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் கூற வேண்டும். குடிலில் மலை அமைப்பதற்காகக் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுகளைச் சிலர் பொறுக்கி வந்து அடுக்குவதை நானே பார்த்திருக்கிறேன். பவளமும் கடல்விசிறியும் கடல்குதிரையும் சில வகைச் சங்குகளும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் காக்கப்படுபவை. அறியாமல் எடுத்தாலும் அது குற்றமே. பழைய துணியைக் கஞ்சியில் தோய்த்துக் கசக்கி நிறுத்தி, மேலே மணலைத் தூவினால் நல்ல மலை கிடைக்கும். பொத்த முடியாமல் கழித்த நைலான் வலையின் துண்டில் ஓலை நட்சத்திரங்களைக் கோத்துச் சுவரில் விரித்துத் தொங்கவிட்டால் அதற்கு இணையான தோரணம் வேறில்லை. கடலில் கைவிடப்பட்ட வலை பவளத்தைச் சுற்றி நெரிக்கக் கூடியது; வீட்டுச் சுவரில் அது யாருக்கும் தீங்கு செய்யாது.

2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் முழங்காலளவு நீர் நின்றது, மின்சாரம் இல்லை, பள்ளிக்கு விடுமுறை. கைப்பேசியின் உயிர் அடங்கியபின் என் பேத்தி என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். பரணிலிருந்து ஓலையை இறக்கி அவள் முன் போட்டேன். முதல் முடிச்சு மூன்று முறை அவிழ்ந்தது. நான்காம் முறை அது பிடித்துக்கொண்டபோது, "அம்மாச்சி, இது இனி அவிழாதுல்ல?" என்று அவள் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இரவு அரிக்கேன் விளக்கின் ஒளியில், கடலுக்குப் போகாத என் மகனும் வந்து உட்கார்ந்தான். நீர் வடிவதற்குள் எங்கள் வீட்டில் முப்பதுக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் சேர்ந்துவிட்டன. வெளியே இழப்புகள் இருந்தன, அவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் மூன்று தலைமுறை ஒரே ஓலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பனை நம் மாநில மரம். சாயல்குடி முதல் கடலாடி வரை நம் மாவட்டத்தில் பனைக்கும் பனையேறும் குடும்பங்களுக்கும் ஓலை முடையும் பெண்களுக்கும் குறைவில்லை. பதநீர்ப் பருவம் இல்லாத மழை மாதங்களில் அவர்களுக்கு வருமானம் தேவை. ஆகவே வார்ந்து உலர்த்திய ஓலைக் கட்டுகளைக் கார்த்திகை மாதத்தில் கூட்டுறவு விற்பனை நிலையங்களிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கடைகளிலும் கிடைக்கச் செய்யுமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். குடில் போட்டி நடத்தும் கோவில் பங்குகளும் இளைஞர் மன்றங்களும் தெர்மாகோல் பயன்படுத்திய குடில்களைப் பரிசுக்கு ஏற்பதில்லை என்று முன்கூட்டியே அறிவிக்கலாம். தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் ஓலை நட்சத்திரத்தின் மடிப்புகளைப் படங்களுடன் வெளியிட்டால், ஓலை கிடைக்காத ஊர்களில் பழைய காகிதத்திலாவது பிள்ளைகள் பழகுவார்கள். அதற்கான படிநிலை மாதிரிகளைச் செய்து அனுப்ப நான் அணியமாக இருக்கிறேன்.

இதை எழுதும் இன்றும் வாடை வீசுகிறது. ஈரத்துணியில் சுற்றிய ஓலை மேசையில் இருக்கிறது. பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் தொடங்குவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.