சித்தப்பாவுக்கு, அந்த வெள்ளரிக்காய் மீன் விஷயமாக

சித்தப்பா,

வருகிற ஆவணியோடு அக்கா கல்யாணமாகி ஆறு வருஷம். நாம் பேசியும் அவ்வளவு நாள்தான் ஆகிறது. பந்தியில் நடந்ததைத் திரும்ப எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பார்ப்போம்.

போன பிப்ரவரியில் ரஷ்யாவின் விளாடிவோஸ்டாக் போய் வந்தேன். சென்னையிலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு நேர் கடல்வழி என்று 2019-இல் கையெழுத்துப் போட்டார்களே, அது சம்பந்தமான வேலை. ஐந்து நாள். ஊர் சுற்றியது இரண்டு நாள். அந்த இரண்டு நாளும், கப்பலில் அங்கே போனதாக நீங்கள் சொன்ன கதை ஒவ்வொன்றையும் சரிபார்த்துக்கொண்டு திரிந்தேன். கணக்கப்பிள்ளை புத்தி, அப்பாவிடமிருந்து வந்தது.

பழநி விஞ்ச் மாதிரி ஒரு வண்டி மலையேறும், ஒரு பெட்டி ஏறினால் இன்னொன்று இறங்கும் என்பீர்கள். இருக்கிறது. 1962-லிருந்து ஓடுகிறதாம். படிப்படியாகத் தரை வைத்த பெட்டி, உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் மேலே போய்விடுகிறது. அங்கிருந்து ‘கழுகுக் கூடு’ குன்றுக்குப் போனால் துறைமுகம் முழுக்கக் காலடியில். கரையில் ஏற்றி நிறுத்திய நீர்மூழ்கியும் இருக்கிறது, எஸ்-56. வட்டத் துவாரத்துக்குள் காலை முதலில் விட்டு, அப்புறம் தலையைக் குனிந்து நுழைய வேண்டியிருந்தது. நெற்றியில் இடித்துக்கொண்டேன். உள்ளே ஆட்கள் எப்படித்தான் படுத்தார்களோ.

ரயில் நிலையத்தில் 9288 என்று எழுதிய கம்பம். மாஸ்கோவிலிருந்து அத்தனை கிலோமீட்டர். எல்லோரும் அதைத் தொட்டுப் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். நீங்கள் சொல்லாதது ஒன்று: அங்கே வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் போகின்றன, ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. பாதிக்கு மேல் ஜப்பானில் ஓடித் தேய்ந்த கார்கள். டாக்ஸியில் முன் சீட்டில் உட்காரப் போய், டிரைவர் மடியில் உட்காராத குறை.

பீரங்கி வெடித்தது. மத்தியானம் பன்னிரண்டுக்குத் தினமும் கோட்டையிலிருந்து சுடுகிறார்கள். நம் ஊரில் அப்போது ஏழரை மணி. திண்ணையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, காபி ஆறிப்போச்சு என்று சித்தியிடம் கத்திக்கொண்டிருப்பீர்கள். போன் போட நினைத்தேன்.

கடலுக்கு மேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பான், அந்த மீனை முகர்ந்தால் வெள்ளரிக்காய் வாசம் அடிக்கும். இதை நீங்கள் சொன்னபோதுதான் அன்று அக்கா கல்யாணப் பந்தி முழுக்கச் சிரித்தது. தூத்துக்குடிக்காரனிடமே கடல் கதையா? நான் போனை எடுத்து, 1992 வரை அந்த ஊருக்குள் வெளிநாட்டுக்காரன் காலே வைக்க முடியாது, ரஷ்யக் கடற்படை இருந்த ஊர், உங்கள் கப்பல் போனது 1984-இல் என்று சத்தமாக வாசித்தேன். உங்கள் கை ரசம் சோற்றில் அப்படியே நின்றது. முதலில் நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் பாயசம் ஊற்ற வந்தவனைக் கையால் மறித்துவிட்டு, இலையை மடித்து எழுந்தீர்கள். பக்கத்து இலையில் சம்பந்தி.

அமூர் வளைகுடா உறைந்து கிடந்தது. மேலே நூற்றுக்கணக்கான ஆட்கள், எல்லோரும் பெட்டி மேல் உட்கார்ந்து, பனியில் துளை போட்டு, முழ நீளத் தூண்டிலை ஆட்டிக்கொண்டு. ஒரு கிழவர் விரைத்துப்போன ஒரு மீனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். விரல் நீளம், வெள்ளியாக. கோரியுஷ்கா என்றார்.

வெள்ளரிக்காய்தான் சித்தப்பா. பிஞ்சை ஒடித்தால் வருமே, அதே வாசனை.

அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். மீனுக்கும் பனிக்கும். ஊர் விஷயத்தில் நான் படித்தது சரிதான், நீங்கள் அங்கே போகவில்லை. வெளிநாட்டுக் கப்பல் எல்லாம் நகோட்காவில்தான் நின்றிருக்கிறது. இரண்டு நாள் கழித்துச் சித்தி போனில் சொன்னாள்: “நகோட்கான்னா இங்க யாருக்குடா தெரியும்னு கேக்காரு.” அதைப் பந்தியிலேயே சொல்லியிருக்கலாமே? எனக்கு எட்டு வயதிலேயே சொல்லியிருக்கலாம். அந்த வண்டியும் நீர்மூழ்கியும் படக்கார்டில் பார்த்ததென்றால் அதையும் சொல்லியிருக்கலாம். நான் பள்ளிக்கூடத்தில் உங்களை வைத்து எத்தனை பெருமை அடித்திருக்கிறேன் தெரியுமா?

அன்று என் வாயில் வந்தது ஊர்ப் பெயர் மட்டும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அப்பாவின் பத்திரம். அதை இங்கே எழுதமாட்டேன். இதைப் படித்துவிட்டு அத்தை வீட்டிலிருந்து ஒருவர் குடும்பக் குழுவில் போடுவார், வணக்கம். பத்திரம் பத்திரமாக இருக்கிறது என்றே எல்லோரும் நினைக்கட்டும்.

கடைசி நாள் கையில் இருந்தது. நகோட்காவுக்குப் பஸ் உண்டு, மூன்று நான்கு மணி நேரம். நான் கூட வந்தவர்களோடு ரஸ்கி தீவுக்குப் போனேன். தீவுக்குப் போகிற பாலத்தின் நடுத்துண்டு மட்டும் 1104 மீட்டர், 2012-இல் திறந்தபோது கோபுரத்திலிருந்து கம்பிவடம் இழுத்துத் தாங்கும் பாலங்களில் உலகிலேயே அதுதான் நீளம், அவர்கள் ரூபிள் நோட்டிலேயே போட்டிருக்கிறார்கள். நல்ல பாலம். குளிரில் இறங்கி நிற்க முடியவில்லை. நகோட்காவுக்குப் போயிருக்கலாம். நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன், நேரம் இருந்தது.

அடுத்த வருஷமும் அனுப்புவார்கள் போலிருக்கிறது. உங்கள் கப்பல் நகோட்காவில் எந்தப் பக்கம் கட்டி நின்றது, எத்தனை நாள், கரையில் எந்தக் கடைவரைக்கும் விட்டார்கள் என்று எழுதி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், தபாலில். கார்டுகள் இன்னும் இருந்தால் அதில் ஒன்றிலேயே எழுதலாம்.

பத்திரத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம். அதற்கு நேரில் வருகிறேன்.