வாய் வராத நேரத்துச் செபம்

மாங்குளம்,
புரட்டாதி மாதம்

என்ரை பிள்ளைக்கு,

கனடாவில் இருந்து நீ அனுப்பின குரல்பதிவை அம்மாவும் நானும் மூன்று தரம் கேட்டோம். "செபிக்க இருந்தால் வாய் வருகுதில்லை அப்பா. நன்றி சொல்லு எண்டினம், மன்னி எண்டினம். ரெண்டும் எனக்குப் பொய்யாக் கிடக்கு" என்று சொன்னாய். இது கோலில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி. ஒரே இருப்பில் முடிக்க வேண்டாம்.

அடித்த மனுசனை விட்டுப் பிரிந்திருக்கிற உனக்குப் புத்தி சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் வரிசை பிழை. நன்றியும் மன்னிப்பும் வேண்டியவைதான், அவை வருகிற இடம் பிந்தி. உடைந்துபோன ஒரு ஆளை வேதம் எப்படி நடத்துகிறது என்று பார்க்க 1 அரசர் 19ஆம் அதிகாரத்தை எடு. இறைவாக்கினர் எலியா சூரைச்செடிக்குக் கீழே இருந்து, "போதும், என் உயிரை எடும்" என்று கேட்கிறார். கடவுள் அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. நித்திரை கொள்ள விடுகிறார். தூதர் தட்டி எழுப்பி, சுடு கல்லில் சுட்ட அப்பமும் ஒரு குவளை தண்ணீரும் கொடுக்கிறார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுக்கிறார், அதற்கும் ஏச்சு இல்லை. இரண்டாம் தரமும் சாப்பாடு. பிறகு 40 நாள் நடை. அதன் பிறகுதான், "இங்கே என்ன செய்கிறாய்?" என்ற கேள்வி, அதுவும் இரண்டு தரம். அவர் தன் முறைப்பாட்டை இரண்டு தரமும் ஒரு சொல் விடாமல் கொட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரு வேலையும், கூட நிற்க எலிசாவையும் கொடுக்கிறார். சோறு, நித்திரை, நடை, முறைப்பாடு, வேலை, துணை. அந்த அதிகாரத்தில் எலியாவிடம் யாரும் நன்றி கேட்கவில்லை என்பதைக் கவனி.

ஆகவே முதல் இரண்டு கிழமைக்கு உன் ஆன்மிக வேலை இதுதான். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்பு. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் வெளியே வெளிச்சத்தில் நில். மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். ஃபோனைப் படுக்கிற அறைக்கு வெளியே சார்ஜில் போடு. பசிக்காவிட்டாலும் மூன்று வேளையும் கொஞ்சம் சாப்பிடு. இதைச் செபம் இல்லை என்று நினைக்காதே.

டொக்டர் மருந்து எழுதித் தந்தால் வெட்கப்படாமல் எடு. மருத்துவரை மதிக்கவேண்டும், மருந்துகளை மண்ணிலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவரே, அறிவுள்ளவன் அவற்றை இகழமாட்டான் என்று சீராக் ஞானம் 38ஆம் அதிகாரம் சொல்கிறது. மன அழுத்த மருந்துகளின் முழுப் பலன் தெரியப் பெரும்பாலும் 4 முதல் 8 கிழமை எடுக்கும். முதல் கிழமையில் சுகம் தெரியவில்லை என்று விடுவதும், சுகம் வந்ததும் டொக்டரைக் கேளாமல் சட்டென்று நிறுத்துவதும்தான் பலர் விடும் பிழை.

யூலை முதலாம் திகதி அங்கே வாணம் விட்டபோது மேசைக்குக் கீழே பதுங்கிப்போனாய் என்றாய். அது விசுவாசக் குறைவு இல்லை, பிள்ளை. சின்ன வயதில் பங்கருக்குள் இருந்த உடம்பு, சத்தம் கேட்டவுடன் 2009ஐ நினைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் நீண்ட செபம் வேலை செய்யாது. பாலைவனத் துறவிகள் பழகின சின்னச் செபம் போதும். நாலு எண்ணும் நேரம் மூச்சை உள்ளே எடுத்து மனதுக்குள் "இயேசுவே" என்று சொல். ஆறு எண்ணும் நேரம் வெளியே விட்டு "என்மேல் இரங்கும்" என்று சொல். வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்கவேண்டும், அதுதான் நெஞ்சடிப்பை இறக்கும். கண்ணை மூடாதே. மூடினால் பழைய இடத்துக்கே போய்விடுவாய். கண்ணைத் திறந்து சுவர், யன்னல், உன் கை என்று முன்னால் இருப்பதைப் பெயர் சொல்லிப் பார். பத்து மூச்சு போதும். இதைச் சுகமாக இருக்கிற நாளிலும் காலையில் ஒருக்கால் பழகு. பதறும்போது முதல்தரம் தொடங்கினால் வராது.

இனி முறைப்பாடு. இங்கேதான் எங்கள் சனம் அவசரப்பட்டுத் தாண்டிப்போகிறது.

திருப்பாடல்கள் 150இல் மூன்றில் ஒன்றுக்கு மேல் புலம்பல். எருசலேம் அழிந்த பிறகு எழுந்த புலம்பல் ஆகமத்தைப் பார். ஐந்து அதிகாரம். முதல் நாலும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்து வரிசையில் கட்டப்பட்டவை, மூன்றாவது எழுத்துக்கு மூன்றாக 66 வசனம். அ முதல் ஃ வரை என்று நாங்கள் சொல்வதைப்போல, ஒரு எழுத்தும் மிச்சமில்லாமல் அழுதிருக்கிறார்கள். அவருடைய இரக்கம் காலைதோறும் புதியது என்ற வசனம் அதன் நடுவில், மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அதைச் சொன்னபிறகும் அழுகை நிற்கவில்லை, இன்னும் இரண்டு அதிகாரம் போகிறது. தபசு காலத்தில் எங்கள் கோவில்களில் வியாகுல பிரசங்கம் படிக்கிற இராகம் உனக்குத் தெரியும். ஆண்டவருடைய பாடுகளுக்கு அப்படி அழத் தெரிந்த சனம், தன் பாட்டுக்கு அழுதால் பாவம் என்று ஏன் நினைக்கிறதோ எனக்கு விளங்கவில்லை.

செய்கிற விதம் இது. ஒரு கொப்பி வாங்கு. கிழமைக்கு மூன்று நாள், பகல் வெளிச்சத்தில், 15 நிமிடம். படுக்கப்போகும் முன் வேண்டாம், நித்திரை போய்விடும். 13ஆம் திருப்பாடலைச் சத்தமாக வாசி, ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எத்தனை காலம்" என்ற கேள்வி நாலு தரம் வரும். பிறகு அதே அச்சில் உன்னுடையதை எழுது. முதலில் அவரைக் கூப்பிடு: "ஆண்டவரே", அவ்வளவு போதும். அடுத்து நடந்ததைச் சொல். "மனம் சரியில்லை" என்று பொதுவாக எழுதாதே. எந்த நாள், எந்தச் சொல், எந்தக் கதவு அடித்துச் சாத்தப்பட்டது என்று எழுது. மூன்றாவது, என்ன வேண்டும் என்று கேள்: "இண்டைக்கு இரவு மூண்டு மணிக்கு முழிப்பு வரக்கூடாது" என்பதும் நல்ல மன்றாட்டு. நாலாவது நம்பிக்கை வரி. அது வராவிட்டால் இடத்தை வெறுமையாக விடு. 88ஆம் திருப்பாடலில் அந்த வரி இல்லை. இருள் என்ற சொல்லோடு அது முடிகிறது, ஆனாலும் வேதத்தில் இருக்கிறது. எழுதி முடித்ததும் கொப்பியை மூடி, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, எழுந்து ஒரு கை வேலை செய். பாத்திரம் கழுவு, உடுப்பு மடி.

இது பிழைத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. இஸ்ரயேலர் கூடாரங்களுக்குள் இருந்து முணுமுணுத்தார்கள் என்று இணைச்சட்டம் 1ஆம் அதிகாரம் குற்றமாகச் சொல்கிறது. திருப்பாடலில் அதைவிடக் கடுமையான சொல் எல்லாம் இருக்கிறது, அது செபம். வித்தியாசம் முகம் பார்த்துச் சொல்வதில்தான். எழுதினதைத் திரும்பப் பார். "நீர்" என்ற சொல் இருக்கிறதா? பக்கம் முழுக்க "அவர் இப்பிடிச் செய்தார், நான் இப்பிடிச் செய்திருக்கலாம்" என்று மட்டும் சுழன்றால் அது புலம்பல் செபம் இல்லை, புண்ணைச் சொறிவது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் "ஆண்டவரே, நீர் பார்த்தீர்" என்று சேர்த்துத் திருப்பி எழுது. சிலுவையில் ஆண்டவரே 22ஆம் திருப்பாடலைத்தான் எடுத்தார். "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்றார். கேள்விதான், ஆனால் "என் இறைவா" என்று கூப்பிட்டுக் கேட்ட கேள்வி.

இங்கே இப்போது மழைக்கு முதல் குளக்கட்டுத் திருத்துகிற காலம். உடைந்த இடத்தில் அப்படியே மண்ணைக் கொட்டினால் முதல் வெள்ளத்தோடு போய்விடும். பழைய கட்டின் முகத்தைப் படிபடியாக வெட்டி, கறையான் புற்றையும் உக்கின வேரையும் தோண்டி எடுத்து, காய்ந்த மண்ணைத் தண்ணீர் விட்டு நனைத்த பிறகுதான் புது மண் போடுவார்கள். அதுவும் அரை அடி, முக்கால் அடிப் படையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்கித்தான் அடுத்த படை. நனையாத பழைய மண்ணோடு புது மண் ஒட்டாது. அந்தப் பொருத்து வழியாகத்தான் தண்ணீர் ஊறி ஓட்டை விழும். உன் அழுகையை நான் அந்த நனைப்பாகத்தான் பார்க்கிறேன். அழாமல் மேலே நன்றியைப் போட்டால் பொருத்து விட்டுப்போகும்.

ஒரு மாதம் இப்படிப் போனபிறகு, இரவில் பத்து நிமிடம், இயேசு சபையைத் தொடங்கின இஞ்ஞாசியார் காட்டின நாள்சோதனையைச் சேர். நன்றி, வெளிச்சம் கேட்டல், நாளை மணிக்கணக்காகத் திருப்பிப் பார்த்தல், மனம் வருந்துதல், நாளைக்கு ஒரு சின்னத் தீர்மானம். நன்றிக்குப் பெரியதைத் தேடாதே. பேத்தி சிரித்ததோ, பஸ் நேரத்துக்கு வந்ததோ போதும். 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு காலை உடைத்து மாதக்கணக்கில் படுத்திருந்தபோதுதான் அவர் தன் மனதின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கத் தொடங்கினார். அவர் வைத்த ஒரு விதி உனக்கு இப்போது மிக முக்கியம்: மனம் இருண்டிருக்கும் நேரத்தில், வெளிச்சமாக இருந்தபோது எடுத்த நல்ல முடிவை மாற்றாதே. வேலையை விடுவது, வீடு மாறுவது, திரும்பிப் போவது எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போக நினைத்தால், போக முதல் கொப்பியில் நடுவே ஒரு கோடு கீறு. ஒரு பக்கம் நீ செய்தது, மற்றப் பக்கம் உனக்குச் செய்தது. முதல் பக்கத்தை மட்டும் சுவாமியிடம் சொல். அடிபட்ட பெண்கள் அடி வாங்கினதையே தன் பாவமாகச் சொல்லி அழுவது நடக்கிறது. அது உன் பாவம் இல்லை. முதல் பக்கத்தில் உள்ளதற்குப் பயப்படாதே. யோவான் 18:18இலும் 21:9இலும் கரிநெருப்பு என்ற ஒரே கிரேக்கச் சொல் வருகிறது. புதிய ஏற்பாட்டில் அந்த இரண்டு இடத்தில் மட்டும்தான். ஒன்றில் குளிர்காய்ந்துகொண்டு பேதுரு மறுதலித்தார். மற்றதில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு ஆண்டவர் அவருக்காகக் காத்திருந்தார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் "என்மேல் அன்பு இருக்கிறதா?" என்ற மூன்று கேள்வியும்.

மன்னிப்பைப் பற்றி. மன்னிக்க ஒரு ஆள் போதும், ஒப்புரவாக இரண்டு பேர் வேண்டும். யோசேப்பு சகோதரர்களை உடனே கட்டிப்பிடிக்கவில்லை. அவர்கள் மாறினார்களா என்று சோதித்துப் பார்த்து, யூதா தம்பிக்காகத் தன்னைக் கொடுக்க முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினார். மன்னித்தால் திரும்பிப்போய்ச் சேர்ந்து வாழவேண்டும் என்று யாராவது சொன்னால், பெரிய ஆபத்து உள்ள இடத்தில் பிரிந்திருக்கத் திருச்சபைச் சட்டம் 1153 இடம் தருகிறது என்று சொல். இன்னொன்று, நீ நற்கருணை எடுக்காமல் கடைசி வாங்கில் இருப்பதாகச் சொன்னாய். பிரிந்திருப்பதோ, கோர்ட்டில் விவாகரத்து எடுத்ததோ அதனால் மட்டும் நற்கருணைக்குத் தடை இல்லை. தடை வருவது, முதல் திருமணம் செல்லாது என்ற தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்தால். அந்தத் தீர்ப்பை உன் மறைமாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். முன்பு இரண்டு நீதிமன்றம் ஒரே தீர்ப்புச் சொல்லவேண்டும் என்றிருந்த கட்டாயத்தை 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் எடுத்துவிட்டார். தீர்ப்பு வந்தாலும் பேத்தி முறையான பிள்ளைதான். அடுத்த ஞாயிறு முன்னுக்குப் போ, பிள்ளை.

செபமாலை 53 மணியும் இப்போது வேண்டாம், பத்து மணி சொல். மடு மாதாவின் சுரூபமும் இடம்பெயர்ந்ததுதான். 1670இல் மாந்தையில் இருந்து காட்டுக்குள், 2008 ஏப்ரலில் மடுவில் இருந்து தேவன்பிட்டிக்கு. அவவுக்கு முன்னால் வந்து வடிவாகக் கதைக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கிறதில்லை.

உயிரை மாய்க்கலாம் என்ற எண்ணம் வந்தால் கொப்பி, செபம் எல்லாவற்றையும் வைத்துவிட்டு 988க்கு அடி. கனடா முழுக்க, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், மெசேஜும் அனுப்பலாம். பிறகு எங்களுக்கு அடி, சாமம் என்று பார்க்காதே.

உனக்கு இரவு எட்டு மணி என்றால் இங்கே மறுநாள் விடியப்புறம் ஐந்தரை. கார்த்திகையில் உங்களுடைய மணிக்கூட்டை மாற்றினால் ஆறரை ஆகும். அந்த நேரத்துக்கு அம்மாவும் நானும் 13ஆம் திருப்பாடலை வாசிப்போம். நீயும் கோலில் வா. வாய் வராவிட்டால் கேட்டுக்கொண்டு மட்டும் இரு.

அப்பா