வண்டி வாசலை அடைத்துவிடாதீர்கள்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. உங்கள் பள்ளி முகப்பில் நிற்கும் பழைய தானியக் கொட்டகையைக் காவலர் அறையும் வரவேற்பு அறையுமாக மாற்றப்போகிறார்கள், பெற்றோர் குழுவில் உன்னையும் கருத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வாய்க்கு வந்ததைச் சொல்ல மனமில்லை. ஹார்மண்ட்ஸ்வொர்த் கொட்டகையைக் கோடையில் சில ஞாயிறுகளில்தான் திறக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர்தான். வெளியிலிருந்து பார்த்தால் நீளமான பலகைச் சுவர், பெரிய ஓட்டுக் கூரை, அவ்வளவுதான். உள்ளே காலை வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. 58 மீட்டர் நீளம், தூணுக்குத் தூண் எண்ணினால் 12 கண். இரண்டு பக்கமும் ஓக் தூண்கள் வரிசையாக ஏறிப்போய்க் கூரையைத் தாங்குகின்றன. கவிஞர் ஜான் பெட்ஜமன் இதை 'மிடில்செக்ஸின் பேராலயம்' என்றது சும்மா இல்லை. மிடில்செக்ஸ் என்பது இந்தப் பக்கத்தின் பழைய மாவட்டப் பெயர்.

1426, 27 வாக்கில் கட்டியது. கட்டியது யார் தெரியுமா? வின்செஸ்டர் கல்லூரி. பெயர்தான் கல்லூரி, பள்ளிக்கூடம்தான். 1382இல் அதைத் தொடங்கிய பிஷப் வில்லியம் ஆஃப் விக்கம், செலவுக்கு வருமானம் வேண்டுமே என்று இந்த ஊர் நிலத்தை வாங்கிக் கொடுத்தார். அதில் விளைந்த தானியத்தை வைக்கத்தான் இவ்வளவு பெரிய கொட்டகை. அங்கே கொட்டகை பள்ளிக்குச் சோறு போட்டது, உங்கள் ஊரில் வாசல் காக்கப்போகிறது!

அப்பா இருந்திருந்தால் அந்த மூட்டுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பார். ஒரு மரத்தில் துளை, அதில் நுழைய இன்னொன்றின் முனையில் கழுந்து, குறுக்கே மரமுளை. பச்சை மரத்திலேயே இழைத்துப் பூட்டிவிடுவார்களாம். காயக் காய மரம் முறுக்கிக்கொண்டு மூட்டு இறுகுமாம். இந்த மாதிரிக் கட்டடங்களில் தூணைத் தலைகீழாக நடுவது வழக்கம். அடிமரம் மேலே வரும். அந்தப் பருத்த பக்கத்தில்தான் விட்டமும் நெடுக்கு உத்திரமும் சேர்ந்து உட்கார இடம் கிடைக்கும். அப்பா பட்டறையில் இப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கொட்டகைக்கு அழகு, அது முழுக்க ஒரே அறையாக இருப்பதுதான். நடுவில் சுவர் எழுப்பி, பொய்க்கூரை போட்டு, மேலே ஜன்னல் ஜன்னலாக வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு சாதாரண அலுவலகம். ரைஸ்லிப்பில் 16ஆம் நூற்றாண்டுக் கொட்டகை ஒன்றை 1937இல் நூலகமாக்கினார்கள். ஒருமுறை போய்ப் பார். புத்தகத்தைத் தேடும்போதே கண் தானாக விட்டத்துக்குப் போகும். காவலருக்கு அறை வேண்டும்தான். அதைத் தூணில் முட்டாமல், விட்டத்துக்குக் கீழேயே முடிகிற தனிப் பெட்டியாக உள்ளே வைத்தால் போதும். பின்னால் வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

அப்புறம் அந்தப் பெரிய கதவு. பாரம் ஏற்றிய வண்டி நுழைவதற்காக வைத்த வாசல் அது. பல கொட்டகைகளில் எதிர்ப்பக்கமும் ஒரு கதவு இருக்கும். இரண்டையும் திறந்து, நடுவில் கதிரடித்துத் தூற்றினால் காற்று பதரை அள்ளிப் போய்விடும். உங்கள் கொட்டகையில் இரண்டு கதவும் இருந்தால் வேறு வாசலே தேவையில்லை. பிள்ளைகள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறட்டும். நீ சொன்ன வரைபடத்தில் அந்த இடத்தைப் பலகை அடித்து மூடி, பக்கத்தில் சின்னக் கதவு வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குளிர் என்பார்கள். கண்ணாடிக் கதவை உள்தள்ளி வைக்கட்டுமே.

பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் கவுன்சில் அனுமதி வேண்டும் என்று குழுவில் சொல்லிவை. கொஞ்சம் நிதானிப்பார்கள்.

இவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கொட்டகைக்குள் இரண்டு சுற்று நடந்தார். தூணில் தச்சர்கள் கீறிவைத்த அடையாள எண்கள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல். படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
வசந்தா