ஃப்ரீசரைக் காலிசெய்து கொடுத்த மீன்கடை அக்காவுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

வெள்ளத்தைப் பற்றித் திரும்ப எழுத வேண்டியதில்லை, எல்லாரும் பார்த்தீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட வைத்த மரண ரயில்பாதைக்குப் போனவர்களின் குடும்பங்கள் எங்களை நம்பிக் கொடுத்து வைத்திருந்த காகிதங்களும் படங்களும் பெரும்பாலும் தப்பிவிட்டன. காரணமானவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி காலைச் சந்தையில் மீன் விற்கும் அக்காவுக்கு. நம் ஊர்ப் புழுக்கத்தில் நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்திலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் அத்தனையையும் பிரித்து உலர்த்த ஆள் கிடையாது. உறைய வைத்துவிட்டால் அவகாசம் கிடைக்கும்: பூஞ்சை சாகாது, ஆனால் வளராது, மையும் மேற்கொண்டு பரவாது. வீட்டு ஃப்ரிட்ஜில் எத்தனை கட்டு கொள்ளும்? "அதெல்லாம் காணாது, இங்க கொண்டாங்க" என்று கடை ஃப்ரீசரையே ஒழித்துத் துடைத்துக் கொடுத்தார். தம் மீனை ஐஸ் கொட்டிய பெட்டிகளில் வைத்து விற்றார். அந்த ஐஸுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. கட்டுகளை இரண்டு அங்குலத் தடிமனுக்குள் பிரித்து, ஒன்றோடொன்று ஒட்டாதபடி தனித்தனியே மெழுகுத்தாளில் சுற்றி, படுக்கை வாக்கில் அடுக்கினோம். "சும்மா சும்மா மூடியத் திறக்காதீங்க" என்று விரட்டியதும் அவர்தான். நியாயமான விரட்டல். பாதி உருகி மறுபடி உறைந்தால் பனித்துகள் பெரிதாகிக் காகித நாரைக் குலைத்துவிடும்.

அந்த 415 கிலோமீட்டர் ரயில்பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் பலருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல் இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களுக்கு முழுப் பெயர்ப்பட்டியல்கூடக் கிடையாது. 1945க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, பெரியப்பா என்று ஒருவர் இருந்ததற்கு ஸ்டுடியோ படத்தின் பின்பக்கத்தில் 'சயாம், 1943' என்று எழுதியிருப்பதுதான் சில வீடுகளில் ஒரே ஆதாரம். அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது எண்பதை ஒட்டிய வயது.

எங்களைத் திணறடித்ததும் அந்தப் பின்பக்கம்தான். சேறு படிந்த படத்தைக் குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் அலசி, முகம் மேலே பார்க்க, கொசுவலைமேல் காயவிட வேண்டும். முன்பக்கத்தில் விரல் பட்டால் ஊறிய படலம் உரிந்து வந்துவிடும். ஆனால் ஊற்றுப்பேனா எழுத்து அதே தண்ணீரில் கரைந்து போகும். அப்படிப்பட்ட படங்களை அலசவே இல்லை. எழுத்தைக் கேமராவில் பிடித்துக்கொண்டு, சேறோடே உலர்த்தினோம். பென்சிலில் எழுதி வைத்த புண்ணியவான்களுக்கும் ஒரு கும்பிடு.

மண்டபம் திறந்துவிட்ட கோயில் நிர்வாகம், அச்சடிக்காத தாளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்த அச்சகத்தார், மின்விசிறிகளைச் சுமந்து வந்து காற்று நேரே படாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த தம்பிகள், இரவெல்லாம் ஈரத்தாளை மாற்றிய தங்கச்சிகள், எல்லாருக்கும் நன்றி.

இனி மூலமும் படியும் ஒரே கூரையின்கீழ் இருக்காது. ஒவ்வொரு படமும் இரண்டு பக்கமும் ஸ்கேன் ஆகும்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களின் உரிமையாளர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சட்டத்திலிருந்து பிரிக்கவில்லை. பழகிய கை ஒன்று வரும்வரை பிரிக்கவும் மாட்டோம்.